800 வோல்ட்டுன்னா பேட்டரி சூடாகாதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல வாகனப் பக்கத்துல வேகமான மின்சாரக் காடிங்களைப் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லா இருந்துச்சு, தமிழ்ல இந்த மாதிரி விஷயம் எழுத ஆளே இல்லையேன்னு நானே பல தடவை புலம்பியிருக்கேன், அதனால குறை சொல்றதுக்குன்னே பேனாவ எடுத்தேன்னு நினைச்சிடாதீங்க. ஆனா அதுல ஒரு வரி, "800 வோல்ட் பேட்டரி என்பதால் சூடாகும் பிரச்சினையே இல்லை, நம் நாட்டு வெயிலுக்கு மிகவும் ஏற்றது" அப்படின்னு வந்திருக்கு, அதை நம்பி நம்ம ஆளுங்க யாராச்சும் ரெண்டு மூணு லட்சம் வெள்ளிக்கு லோன் போட்டுட்டா என்ன பண்றது, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும். இடம் பத்தலைன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, கணக்கு வர்ற இடத்தை மட்டும் விட்டுடுங்க.

நான் காடி கம்பெனி ஆளு இல்ல. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில சில்லரும் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) பர்ன்-இன் சேம்பரும் (போர்டை சூட்டுல வச்சு சோதிக்கிற பெட்டி) பார்த்துக்கிற டெக்னீஷியன், சூடு எங்க உற்பத்தி ஆகுது எந்த வழியா வெளிய போகுதுன்னு பார்க்கிறதுதான் பொழப்பு. அதனால இந்த மாதிரி வரியைப் படிச்சா கை சும்மா இருக்க மாட்டேங்குது.

முதல்ல அந்த 800 வோல்ட் கதை. போர்ஷே டைகான் 2019-ல வந்தப்ப 800 வோல்ட் சிஸ்டத்தோட வந்த முதல் காடின்னு பெரிய பேச்சு. அதோட பெரிய பேட்டரில 33 மாட்யூல் (செல்லுங்கிற சின்ன பேட்டரிங்களை அடுக்கின பெட்டி), ஒவ்வொரு மாட்யூல்லயும் 12 செல், ஆக மொத்தம் 396 செல். ரெண்டு ரெண்டு செல்லா ஜோடி சேர்த்து 198 ஜோடியை வரிசையா மாட்டினதாலதான் வோல்டேஜ் 700-க்கு மேல ஏறுது, இதைத்தான் 800 வோல்ட்னு கூப்பிடுறாங்க. இதே 396 செல்லை நாலு நாலா கட்டி 99 வரிசையா மாட்டியிருந்தா வோல்டேஜ் பாதியாயிடும், காடி அதே காடி, செல்லும் அதே செல். இப்ப 270 கிலோவாட்ல சார்ஜ் போடுறோம்னு வைங்க, அந்த காடிக்கு அப்ப சொன்ன உச்ச அளவு அதான். 270-ஐ 396-ஆல வகுத்தா ஒரு செல்லுக்கு 680 வாட் சொச்சம் வருது. 800 வோல்ட்டா கட்டினாலும் அதே 680, 400 வோல்ட்டா கட்டினாலும் அதே 680. செல்லுக்கு வெளிய என்ன வோல்டேஜ்னு அதுக்குத் தெரியவே தெரியாது, அது வழியா போற கரண்ட் மாறலை, அதனால அது உள்ள சூடும் மாறலை. அப்ப எதுக்குய்யா 800 வோல்ட்டுன்னா, வயருக்கும் கனெக்டருக்கும் சார்ஜர் கேபிளுக்கும் தான். பாதி கரண்ட்ல அதே பவர் போறதால வயர் சூடு கால்வாசி ஆயிடும், செம்பு குறையும், எடை குறையும், கையில பிடிக்கிற சார்ஜர் கேபிள் பாம்பு மாதிரி கனமா இல்லாம இருக்கும். நல்ல விஷயம்தான், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா பேட்டரி சூடாகாதுங்கிறது வேற கதை. சூடாகாத பேட்டரிக்கு எதுக்கு அந்த போர்ஷேக்காரன் பேட்டரி பெட்டிக்கு அடியில வெளிப்பக்கமா கூலிங் பிளேட்டை சூடு கடத்துற பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான்?

அடுத்தது உங்க கட்டுரையில பெரிய எழுத்துல போட்ட 0-100 கணக்கு, அதாவது நின்ன இடத்துலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகிற நேரம். 3.8 வினாடி, 2.9 வினாடி, 2.1 வினாடி, இதை வச்சுத்தான் எல்லாரும் காடியை எடை போடுறாங்க. இதுல பேட்டரி கூலிங்கைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால கணக்காவே போட்டுக் காட்டுறேன், எண்ணுங்க எல்லாம் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட உருண்டை எண்ணுங்கதான்.

பேட்டரிக்குள்ள ரெசிஸ்டன்ஸ் மொத்தம் 50 மில்லி ஓம்னு வச்சுக்குவோம், 400 வோல்ட் வகை. சூடுங்கிறது கரண்ட்டை கரண்ட்டால பெருக்கி, அதை ரெசிஸ்டன்ஸால பெருக்கினா வர்றது, ஸ்கூல்ல படிச்சதுதான். 500 ஆம்பியர் போனா 12.5 கிலோவாட் சூடு. நம்ம வீட்டு ரூம்ல மாட்டுற 1 குதிரைசக்தி ஏர்கோன் ஒண்ணு ரூம்லிருந்து எடுக்கிற சூடு சுமார் 2.6 கிலோவாட், ஆக கிட்டத்தட்ட அஞ்சு ஏர்கோன் சேர்ந்து ஓடினாத்தான் இதைச் சமாளிக்க முடியும். கரண்ட்டை ரெட்டிப்பாக்கி 1,000 ஆம்பியர் இழுத்தா சூடு ரெட்டிப்பாகாது, நாலு மடங்காகும், 50 கிலோவாட். 19 ஏர்கோன். காடியில அவ்வளவு பெரிய கம்ப்ரசர் எவனும் வைக்கலை, வைக்கவும் முடியாது.

அப்புறம் எப்படி ஓடுதுன்னு கேட்பீங்க. இங்கதான் விஷயம். செல்லுங்க மட்டும் ஒரு 300 கிலோ இருக்கும், அதை ஒரு டிகிரி ஏத்தவே சுமார் 300 கிலோஜூல் வேணும். 50 கிலோவாட்ல நாலு வினாடி அடிச்சா வர்றது 200 கிலோஜூல், ஒரு டிகிரி கூட ஏறாது. அதாவது சிக்னல்ல பச்சை விழுந்ததும் ஒரே மிதி மிதிச்சு 100-ஐ தொடுறதுக்கு கூலிங்கே தேவையில்லை, பேட்டரியோட எடையே அந்த சூட்டை முழுங்கிடும். கூலிங் இல்லாத காடியும் அந்த நம்பரை ஒரு தடவை காட்டும், பிரமாதமான கூலிங் உள்ள காடியும் அதே நம்பரைத்தான் காட்டும். ஆனா 12.5 கிலோவாட் சூடு 20 நிமிஷத்துக்குத் தொடர்ந்து வந்தா? 15,000 கிலோஜூல். சூடு எங்கயும் வெளிய போகலைன்னா 50 டிகிரி ஏறும். நம்ம ஊர்ல மத்தியானம் ஆரம்பமே 32, 33 டிகிரி. கூட்டிப் பாருங்க, 80-ஐ தாண்டுது. நிஜத்துல சார்ஜ் போடும்போது கரண்ட் போகப்போக குறையும், அந்த அளவுக்கு யாரும் விட மாட்டாங்க, கம்ப்யூட்டர் முன்னாடியே கையைப் பிடிச்சிடும். ஆனா அந்த கையைப் பிடிக்கிறதுதான் நான் சொல்ல வர்றதே. ஒரு தடவை காட்டுற வேகம் வேற, பத்தாவது தடவையும் காட்டுற வேகம் வேற. இந்த ரெண்டாவதைத்தான் கூலிங் முடிவு பண்ணுது.

ஆரம்ப கால டெஸ்லா மாடல் எஸ்-ல இதை உலகமே பார்த்துச்சு. டிராஃபிக் லைட்ல சூப்பர் காடிங்களை எல்லாம் தோற்கடிச்ச அதே காடி, ஜெர்மனில 20.8 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில ஒரு சுத்து முழுசா முடிக்கிறதுக்குள்ள பவரை குறைச்சிக்கிச்சு. சும்மா சொல்லக்கூடாது, அந்த பேட்டரி மட்டமான டிசைன் இல்ல, அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை. பக்கத்துல பிறைங்கிற ஊர்ல என் கூட்டாளி ஒருத்தர் வீட்டு சோலாருக்குன்னு அதோட பழைய மாட்யூல் ஒண்ணு வாங்கி வச்சிருக்கார், மூடியைத் திறந்து நிதானமா பார்த்திருக்கேன். அந்த 85 கிலோவாட்-மணி பேட்டரில இப்படி 16 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 444 செல், மொத்தம் 7,104. செல் ஒவ்வொண்ணும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு 65 மில்லிமீட்டர் உயரம், பழைய லேப்டாப் பேட்டரிக்குள்ள இருக்குமே அதே சைஸ். 74 செல் ஒரு கூட்டம், அந்த மாதிரி ஆறு கூட்டம் வரிசையா. ஒவ்வொரு செல் தலையிலயும் ஒரு மெல்லிசான அலுமினியக் கம்பி, அது மேல இருக்கிற தகட்டுக்குப் போகுது. ஒரு செல் கெட்டுப்போய் ஷார்ட் ஆச்சுன்னா அந்த கம்பி ஃபியூஸ் மாதிரி அறுந்து அந்த செல்லை மட்டும் கழட்டி விட்டுடும், மத்த 73-ம் வேலையைப் பார்க்கும். அதை முதல்ல பார்த்தப்ப நான் நிஜமாவே அசந்துட்டேன், எங்க லைன்ல ஐசி சிப்புக்கு வயர் பாண்டிங் பண்ற அதே வேலை, காடிக்குள்ள!

கூலிங்குக்கு என்ன பண்ணியிருக்கான்னா, ஒரு தட்டையான அலுமினிய ரிப்பன் குழாய், செல் வரிசைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகுது, உள்ள தண்ணியும் கிளைகாலும் கலந்த கூலன்ட். குழாய் மேல கரண்ட் பாயாம இருக்க ஆரஞ்சு கலர் டேப். விரலை வச்சு தடவிப் பார்த்தா தெரியும், ஒவ்வொரு செல்லும் அந்த ரிப்பன்ல ஒரு பக்கம்தான் ஒட்டுது, உருளையோட சுத்தளவுல ஒரு சின்ன பட்டைதான் தொடுது, மிச்ச பக்கம் எல்லாம் சூடு சுத்தி வளைச்சு வந்துதான் வெளிய போகணும். அதோட கூலன்ட் முதல் செல்லைத் தொடும்போது குளிர்ச்சியா இருக்கும், கடைசி செல்லுக்கு வரும்போது ஏற்கனவே சூடு வாங்கிட்டு வந்திருக்கும். சாதாரணமா ஓட்டினா இது ஒரு பொருட்டே இல்ல. தொடர்ந்து மிதிச்சாத்தான் பல்லைக் காட்டும்.

செல்லுக்குள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சா இது இன்னும் புரியும். உள்ள செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவுல பிளாஸ்டிக் சவ்வு, எல்லாம் பாய் சுருட்டின மாதிரி சுருட்டி வச்சிருக்கு. சுருட்டோட நீளவாக்குல, அதாவது மேலிருந்து கீழ, சூடு அந்த உலோகத் தகடு வழியாவே சரசரன்னு ஓடிடும். குறுக்குவாக்குல போகணும்னா ஒவ்வொரு சுத்துலயும் அந்த பிளாஸ்டிக் சவ்வைத் தாண்டணும், இருபது முப்பது மடங்கு கஷ்டம். அதனால பக்கவாட்டுல குளிர வைக்கிறதா, அடியில குளிர வைக்கிறதாங்கிறது சின்ன விஷயமே இல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரங்க பை மாதிரி இருக்கிற பௌச் செல்லை வச்சு இதை சோதிச்சாங்க, ஒண்ணுக்கு மேற்பரப்புல குளிர்ச்சி, இன்னொண்ணுக்கு கரண்ட் வெளிய வர்ற தகட்டு முனை வழியா குளிர்ச்சி. கடுமையா 1,000 தடவை ஓட்டினதுக்கு அப்புறம் மேற்பரப்பு குளிர்ச்சியில 9.2 சதவீதம் கொள்ளளவு போச்சு, முனைக் குளிர்ச்சியில 1.2 சதவீதம்தான். ரெண்டும் ஒரே செல், குளிர வச்ச இடம் மட்டும்தான் வேற. காரணம் என்னன்னா மேற்பரப்பை மட்டும் குளிர வச்சா செல்லுக்குள்ள ஒரு அடுக்கு குளிர்ச்சியாவும் நடு அடுக்கு சூடாவும் நிக்குது, சூடா இருக்கிற அடுக்கு ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சு அதிக கரண்ட்டை இழுத்துக்குது, இன்னும் சூடாகுது. சராசரி டெம்பரேச்சர் பார்த்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். இதை ஷோரூம்ல எவன் சொல்லுவான்?

ஷோரூம்னதும் ஞாபகம் வருது, ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு ஷோரூம்ல (பேர் வேணாம், எல்லா இடத்துலயும் இப்படித்தான்) நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன் நல்லா மரியாதையா பேசினான், தம்பி, பேட்டரிக்கு கூலிங் பிளேட் மேலயா கீழயா, சில்லர் தனியா இருக்கா இல்ல ஏர்கோனோட பங்காளியான்னு கேட்டேன். "லிக்விட் கூலிங் இருக்கு அங்கிள், கவலையே படாதீங்க, சன்ரூஃப் பார்த்தீங்களா"ன்னான். அவனைக் குத்தம் சொல்லி என்ன லா, அவனுக்குக் குடுத்த பேப்பர்ல அவ்வளவுதான் இருக்கு.

லிக்விட் கூலிங்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறாங்க, அதுக்குள்ள பத்து வகை இருக்கு. பிளேட்டுக்கும் மாட்யூலுக்கும் நடுவுல போடுற கேப் ஃபில்லர்னு ஒரு பசை இருக்கு, அதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க, எனக்கு அதுதான் முதல் கேள்வி. காத்து சூடு கடத்துறதை விட அந்த பசை நூறு மடங்கு நல்லா கடத்தும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளில பசை சரியா பரவாம ஒரு காத்துக் குமிழி மாட்டிக்கிட்டா அந்த இடத்துல இருக்கிற செல்லுக்கு கூலிங்கே இல்லாத மாதிரிதான். எங்க ஃபேக்டரில ஹீட் சிங்க் ஒட்டுற இடத்துல இதே கதை, பசை சரியா பரவாத போர்டை சேம்பர்ல போட்டா தெர்மல் கேமரால ஒரு சிவப்புப் புள்ளி பளிச்னு தெரியும். பேட்டரில அந்த ஒரு சூடான செல் மத்ததை விட சீக்கிரம் வயசாகும். பொதுவா பத்து டிகிரி ஏறினா உள்ள நடக்கிற கெட்ட ரசாயன வேலை எல்லாம் ஏறக்குறைய ரெட்டிப்பு வேகத்துல நடக்கும். வரிசையா மாட்டின பேட்டரில பலவீனமான ஒண்ணு எங்க நிக்குதோ அங்கதான் மொத்த பேட்டரியும் நிக்கும். அதனாலதான் டிசைன் பண்றவங்க செல்லுக்கும் செல்லுக்கும் வித்தியாசம் அஞ்சு டிகிரிக்குள்ள இருக்கணும்னு மண்டையைப் போட்டு உடைக்கிறாங்க.

சீனக் கம்பெனி பிஒய்டி வேற வழி போயிட்டான். சீல் காடியில, 2024-ல இங்க வந்துச்சே, அதுல கிளைகால் தண்ணியே பேட்டரிக்குப் போறதில்லை, ஏர்கோன் கேஸையே நேரா பேட்டரி மேல இருக்கிற பிளேட்டுக்குள்ள விட்டுடுறான். நடுவுல ஒரு கை குறையுது, வேகமா குளிரும். ஆனா கேஸ் பிளேட்டுக்குள்ள எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆவியாகணும், இல்லைன்னா ஒரு மூலை குளிர்ந்து இன்னொரு மூலை காயும், அந்த கன்ட்ரோல் சுலபம் இல்ல. அதோட அவங்க 'பிளேடு' செல் (கத்தி மாதிரி நீளமா தட்டையா இருக்கிற செல்) ஒவ்வொண்ணும் ஒரு மீட்டருக்குக் கிட்ட நீளம், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, மாட்யூல்னு தனியா ஒண்ணு இல்லாம நேரா பேட்டரிப் பெட்டிக்குள்ள அடுக்கிடுறாங்க. எல்எஃப்பி சூட்டுக்கு சட்டுன்னு தீப்பிடிக்காது, என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகையை விட அந்த விஷயத்துல நிம்மதி, அதை ஒத்துக்கணும். நம்ம புரோட்டோன் இ.மாஸ் 7-லயும் எல்எஃப்பிதான். ஆனா சீக்கிரம் தீப்பிடிக்காததும், சூட்டுல சீக்கிரம் வயசாகாததும் ஒண்ணு இல்ல. இதை நிறைய பேர் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

உச்சத்துக்குப் போகணும்னா மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி 63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு ஹைபிரிட் காடி, அதுல பேட்டரி சின்னது, 6.1 கிலோவாட்-மணிதான், 89 கிலோ. அதுக்குள்ள 560 செல், கரண்ட் கடத்தாத ஒரு திரவம் சுமார் 14 லிட்டர் ஒவ்வொரு செல்லையும் நேரடியா தொட்டுக்கிட்டு ஓடுது. பிளேட்டும் இல்ல பசையும் இல்ல. எல்லா செல்லையும் சராசரியா 45 டிகிரியில நிறுத்துறாங்க. 45 டிகிரியான்னு ஆச்சரியமா இருக்கும், ஆனா இது எனக்குப் பிடிச்ச டிசைன். குளிர்ச்சியா வைக்கணும்னு ஓடாம, எல்லாத்தையும் ஒரே மாதிரி வைக்கணும்னு ஓடியிருக்காங்க, சூடான செல்லுல ரெசிஸ்டன்ஸும் குறைவு, பவர் நல்லா வரும். ஆனா 14 லிட்டர் திரவத்தை ஒரு 100 கிலோவாட்-மணி பேட்டரிக்குப் பெருக்கிப் பாருங்க, எடையும் காசும் எங்கயோ போயிடும்.

இப்ப நம்ம வெயிலுக்கு வருவோம், இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன். ரேடியேட்டர் எவ்வளவு பெருசா இருந்தாலும் வெளிக் காத்தை விட குளிர்ச்சியா கூலன்ட்டை ஆக்க முடியாது, அது இயற்கை. ஐரோப்பால வெளிய 15 டிகிரி, ரேடியேட்டர் மட்டுமே போதும் பாதி வேலை முடிஞ்சிடும். இங்க 33 டிகிரி, தார் ரோட்டுக்கு ஒரு அடி மேல இன்னும் அதிகம், பட்டர்வொர்த் டோல்ல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹுண்டாய் ஐயோனிக் 5 என்-ல ரெண்டு பட்டன் வச்சிருக்கான், நேர்கோட்டுல ஒரே மிதி மிதிக்கிறதுக்கு பேட்டரியை 30-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டு வருவான், ரேஸ் பாதையில தொடர்ந்து ஓட்டுறதுக்கு 20-லிருந்து 30 டிகிரிக்கு. பாருங்க, தொடர்ந்து ஓட்டணும்னா கீழ இருந்து ஆரம்பிக்கணும்னு அவனுக்கே தெரியுது. நம்ம ஊர்ல முதல் பட்டனுக்கு அவசியமே இல்ல, வெயில்ல நிறுத்தினாலே அந்த டெம்பரேச்சர் வந்துடும். ரெண்டாவதுக்கு ஏர்கோன் கம்ப்ரசர் ஓடியே ஆகணும், அதே கம்ப்ரசர்தான் உள்ள உக்காந்திருக்கிற நம்மளையும் குளிர வைக்கணும். தீபாவளிக்கு கோலாலம்பூர்லிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர், குடும்பத்தோட வர்றோம், ஹைவேல ஓட்டின சூட்டோட நடுவழியில தாப்பாங்கிற ஊர்ல வேகமா சார்ஜ் போடுறோம், புள்ளைங்க உள்ள ஏர்கோன்ல தூங்குது, கம்ப்ரசர் யாரைக் கவனிக்கும்? சார்ஜர்ல 180 கிலோவாட்னு எழுதியிருக்கும், ஸ்கிரீன்ல 60, 70-ன்னு ஓடும், நம்ம ஆளு சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு அந்த கம்பெனிக்கு ஃபோன் போட்டுத் திட்டுவாரு.

இன்னொண்ணு, இதை எந்த காடிப் பத்திரிகையிலயும் நான் பார்த்ததில்லை. நம்ம காத்துல ஈரம் ஜாஸ்தி, 24, 25 டிகிரிக்குக் கீழ எந்த உலோகம் போனாலும் வேர்த்துடும். ஃபேக்டரில சில்லர் பைப் இன்சுலேஷன் ஒரு இன்ச் கிழிஞ்சா போதும், காலையில வந்து பார்த்தா தரையெல்லாம் தண்ணி. பேட்டரிப் பெட்டி சூடாகி குளிரும்போது மூச்சு விட்டு மூச்சு வாங்கும், அதுக்குன்னு சின்ன வால்வு இருக்கு, அது வழியா ஈரக் காத்து உள்ள போகும், உள்ள 20 டிகிரியில ஒரு கூலிங் பிளேட் இருந்தா அதுல படிஞ்சு துளியா நிக்கும். பக்கத்துல சில நூறு வோல்ட். நல்ல டிசைன்ல ஈரம் உறிஞ்சுற பொருள் வச்சிருப்பாங்க, பிளேட்டை பெட்டிக்கு வெளிய வச்சிருப்பாங்க, சாஃப்ட்வேர்ல பிளேட்டை அந்த அளவுக்குக் கீழ போக விடாம பார்த்துப்பாங்க. எல்லாரும் செய்றாங்களான்னு கேட்கிற இடத்துல நீங்க இருக்கீங்க, நாங்க இல்ல.

கூலிங் இல்லாட்டி என்ன ஆகும்னு பார்க்க பழைய நிசான் லீஃப் இருக்கு. அதுல பேட்டரிக்கு திரவமும் இல்லாம, ஃபேனும் இல்லாம, சும்மா விட்டிருந்தான். இங்கிலாந்துல, நார்வேல நல்லாத்தான் ஓடுச்சு. 2012-ல அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ்ல, அங்க வெயில் நம்மளை விட மோசம், டேஷ்போர்டுல பேட்டரி கோடு ஒண்ணொண்ணா குறைய ஆரம்பிச்சு பெரிய சண்டையே ஆயிடுச்சு. அப்புறம் 2018-ல புது மாடல்ல ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வேகமா சார்ஜ் போட்டா மெதுவாயிடுதுன்னு புகார் கிளம்பி அதுக்கு ஒரு பட்டப்பேரே வச்சுட்டாங்க. அந்த காடி நம்ம நாட்டுலயும் வித்துச்சு. அப்ப வந்த தமிழ் விளம்பரத்துல எல்லாம் தூரம் மட்டும்தான் இருந்துச்சு.

ஃபார்முலா இ ரேஸ் புத்ராஜெயாவுல 2014 நவம்பர்ல நடந்தப்ப இதையெல்லாம் நேர்ல பார்க்கிற வாய்ப்பு நமக்கு இருந்துச்சு, அப்ப டிரைவருங்க ரேஸ் நடுவுல ஒரு காடியிலிருந்து இறங்கி இன்னொரு காடிக்கு மாறுவாங்க, ஒரு பேட்டரில முழு ரேஸ் தாங்காது. அடுத்த வருஷமும் நடந்துச்சு, அதோட சரி. நம்ம பத்திரிகைங்க எல்லாம் சத்தமில்லாத ரேஸ்னு தலைப்பு போட்டுட்டு விட்டுட்டாங்க.

தீ விஷயம் சுருக்கமா. ஒரு செல் கட்டுப்பாடு இழந்து எரிஞ்சா பக்கத்து செல்லுக்குப் பரவாம இருக்கத்தான் மாட்யூலுக்குள்ள மைக்கா தகடு, ஏரோஜெல் அட்டைன்னு நடுவுல வைக்கிறாங்க, வேகமான காடியில செல்லுங்க நெருக்கமா இருக்கும், இது ரொம்ப முக்கியம். சீனாவுல 2020 விதிப்படி ஒரு செல் போனா ஆளுங்க இறங்க அஞ்சு நிமிஷம் முன்னாடி எச்சரிக்கை வந்தா போதும்னு இருந்துச்சு, புது விதி 2026 ஜூலை 1 முதல், ரெண்டு மணி நேரத்துக்கு தீயும் கூடாது வெடியும் கூடாதுங்குது. நாம வாங்குற காடி எந்த விதிக்குக் கட்டினதுன்னு கேட்டு எழுதினா பொம்பாக்காரங்களுக்கும் (தீயணைப்புப் படை) உபயோகமா இருக்கும்.

கடைசியா காசு விஷயம், நம்ம ஆளுங்களுக்கு இதுதான் உறைக்கும். இங்க காடி லோன் 9 வருஷம் வரைக்கும் போடுறோம். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருஷம் இல்லன்னா 160,000 கிலோமீட்டர். ஒன்பதாவது வருஷம் பேங்குக்குக் கட்டிக்கிட்டே இருப்போம், பேட்டரிக்கு யாரும் பொறுப்பு இல்ல. பழைய மாடல் எஸ் மாதிரி 16 மாட்யூலா இருந்தா கெட்டுப்போன ஒண்ணை மட்டும் கழட்டி மாத்துற மெக்கானிக் கிடைப்பான். இப்ப வர்ற பேட்டரிங்க எடை குறையறதுக்காக மாட்யூலே இல்லாம செல்லை நேரா பெட்டியில ஒட்டி, டெஸ்லாவோட 4680 பேட்டரி மாதிரி சிலதுல இடைவெளி எல்லாம் நுரையை ஊத்தி இறுக்கிடுறாங்க. காடி விறைப்பா இருக்கும், இடமும் மிச்சம், ஓட்டவும் நல்லா இருக்கும். ஆனா உள்ள ஒரு செல்லு சரியா குளிராம போனா மொத்தத்தையும் தூக்கிப் போடணும். எனக்கு அந்த டிசைன் பிடிக்கலை, எவ்வளவு வேகம் போனாலும் சரி. இது என் சொந்த அபிப்பிராயம், ஒத்துக்காதவங்க எழுதட்டும்.

ஐயா, நான் கேட்கிறது இதுதான். அந்த 800 வோல்ட் வரிக்கு அடுத்த ஞாயிறு ஒரு சின்ன திருத்தம் போடுங்க. அப்புறம் உங்க நிருபருக்கு கம்பெனிக்காரன் ஓட்டிப் பார்க்க காடி கொடுக்கும்போது 0-100-ஐ ஒரு தடவை பார்த்துட்டு வந்துடாம, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏர்கோனை முழுசா போட்டுக்கிட்டு, விடாம பத்து தடவை மிதிக்கச் சொல்லுங்க, பத்தாவது எத்தனை வினாடின்னு அச்சுல போடுங்க. கெந்திங் மலைக்கு ஏறி இறங்கி உடனே சார்ஜ் போட்டு முதல் பத்து நிமிஷத்துல எத்தனை கிலோவாட் வாங்குச்சுன்னு குறிச்சிக்கிட்டு வரச் சொல்லுங்க. கூலிங் பிளேட் எங்க இருக்கு, மாட்யூலைத் தனியா மாத்த முடியுமா, மாத்தினா எத்தனை வெள்ளி, இந்த மூணையும் கம்பெனிக்கு எழுத்துல அனுப்பிக் கேளுங்க, பதில் வரலைன்னா பதில் வரலைன்னே போடுங்க. நிருபருக்குத் துணைக்கு தெர்மல் கேமராவோட ஆளு வேணும்னா சனிக்கிழமைல எனக்கு ஷிஃப்ட் இல்ல, பினாங்குப் பக்கம்னா நான் வர்றேன்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் வாசகர்,
பினாங்கு